வேகப்பந்து முன்காலில் பிறக்கிறது

வேகப்பந்து வீச்சாளர் ஓடி வரும்போது நம் கண் போவது அவர் கைக்குத்தான். பேட்ஸ்மேன் ஒதுங்கி, ஸ்டம்ப் பறந்தால் "என்ன கை வேகம்டா!" என்கிறோம். நம் பையன் வீசும் பந்தில் வேகம் இல்லையென்றால் முதலில் சொல்லும் யோசனையும் "கையை இன்னும் வேகமா சுத்து" என்பதுதான். வார இறுதிகளில் எங்கள் பகுதி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்துவீச்சு சொல்லித் தருகிறேன். அங்கே வரும் அப்பாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "சார், தோள் பலம் ஏறணும், ஜிம்முல சேத்துடட்டுமா?"

அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆனால் சொல்ல வருவது ஒன்றுதான். பந்தின் வேகம் கையில் பிறப்பதில்லை. ஓடி வரும் உடம்பை முன்கால் ஊன்றித் தடுக்கிறதே, அந்தக் கணத்தில் பிறக்கிறது. இளம் பந்துவீச்சாளர்களின் முதுகெலும்பு விரிசல் விடுவதும் அதே கணத்தில்தான். வேகம் வேண்டும் என்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு

80 கிலோ எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடி வந்து கிரீஸை அடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த சூத்திரம்தான்: நிறை, வேகத்தின் வர்க்கம், அதில் பாதி. அவர் உடம்பில் அப்போது இருக்கும் இயக்க ஆற்றல் 1440 ஜூல்.

இப்போது பந்துக்கு வருவோம். கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். அது மணிக்கு 144 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் கையை விட்டுக் கிளம்பினால் அதில் இருக்கும் ஆற்றல் 128 ஜூல்.

ஓடி வந்த உடம்பில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூடப் பந்துக்குப் போகவில்லை. அந்தச் சின்னப் பங்கே பேட்ஸ்மேனை நடுங்க வைக்கப் போதுமானதாக இருக்கிறது. ஆக, பந்துவீச்சாளருக்குத் தேவையான ஆற்றல் ஓட்டத்திலேயே சேர்ந்துவிடுகிறது. கனமான உடம்பில் இருக்கும் வேகத்தை இலேசான பந்துக்கு எப்படி மாற்றுவது என்பதுதான் பாக்கி. நின்ற இடத்திலிருந்தே வீசிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கையை எவ்வளவு சுழற்றினாலும் ரன்-அப்போடு வீசும் வேகம் வராது.

நிறுத்தினால்தான் பாயும்

சைக்கிளில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? முன்சக்கரம் நிற்கும், பின்சக்கரம் தூக்கும், ஓட்டியவர் ஹேண்டில்பாரைத் தாண்டி முன்னால் போய் விழுவார். கீழே நின்ற வேகம் மேலே போய்விட்டது. பந்துவீச்சில் நடப்பதும் இதுதான். முன்கால் தரையில் குத்தி நிற்கிறது. அந்தக் காலின்மேல் இடுப்பு தடுக்கப்படுகிறது. இடுப்புக்கு மேலே இருக்கும் உடம்போ வந்த வேகத்திலேயே முன்னோக்கிப் போகிறது. இடுப்பு நிற்க மார்பு பாய்கிறது. மார்பு தடைபடத் தோள் சுழல்கிறது. தோளைத் தொடர்ந்து கை, கடைசியாக மணிக்கட்டும் விரல்களும். ஒவ்வொரு கட்டத்திலும் கனமான பகுதி நின்று, அதைவிட இலேசான அடுத்த பகுதிக்கு வேகத்தைக் கொடுத்துவிடுகிறது.

இதை நேரில் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். இப்போது பல செல்போன்களிலேயே விநாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில் போனை ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். முன்கால் ஊன்றுவதிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி. போனில் அது சுமார் 24 ஃப்ரேம். ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள்.

நன்றாக வீசும் ஒரு வலக்கைப் பையனின் வீடியோ எனக்கு மனப்பாடம். முதல் ஃப்ரேமில் இடது குதிகால் கிரீஸைத் தொடுகிறது. பந்து பிடித்த கை இன்னும் பின்னாலேயே கிடக்கிறது. அடுத்த சில ஃப்ரேம்களில் முழுப் பாதமும் அப்புகிறது. ஷூவின் மேல்தோல் சுருங்குகிறது, கெண்டைக்கால் சதை அலை அடித்து நடுங்குகிறது, தொடைச் சதை மேல்நோக்கிக் குலுங்கி இறுகுகிறது. பாதி தூரம் வந்ததும் இடுப்பைப் பாருங்கள், கிட்டத்தட்ட நின்றே விட்டது. ஆனால் சட்டையின் நெஞ்சுப் பகுதி முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. கை இப்போதுதான் மேலே ஏறுகிறது. கடைசி ஐந்தாறு ஃப்ரேம்களில் கை வெறும் மங்கலான கோடு. பந்து போய்விட்டது. இவ்வளவு நேரமும் இடது முழங்கால் மடங்கவே இல்லை.

அவனுடனே வீசும் இன்னொரு பையன் இவனைவிட வாட்டசாட்டம், தோளும் அகலம். அவன் வீடியோவில் எட்டாவது ஃப்ரேமுக்குள் முன் முழங்கால் மடங்கி உள்ளே போகிறது. இடுப்பு நிற்காமல் கீழே அமிழ்கிறது. ஓடி வந்த வேகம் முழங்காலிலேயே கரைந்துவிடுகிறது. பிறகு பாவம், அந்த அகலமான தோளை வைத்துக்கொண்டு தனியாகப் போராடுகிறான். பேட்ஸ்மேனுக்குப் போய்ச் சேர்வது மிதவேகப் பந்து. அவனிடம் "கையை வேகமா சுத்து" என்றால் அவனால் என்ன செய்ய முடியும்?

கைத்தசையால் ஏன் முடியாது?

இதற்குத் தசையின் இயல்பே காரணம். ஆர்ச்சிபால்ட் ஹில் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர், 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், தவளைத் தசைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியை 1938இல் வெளியிட்டார். தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ, அவ்வளவு குறைந்த விசையைத்தான் அதனால் தர முடியும் என்பது அதன் சாரம். கனமான மூட்டையை மெதுவாகத்தான் தூக்க முடிகிறது, காலிக் கையை மட்டும் விருட்டென்று வீச முடிகிறது என்பது நம் அனுபவம். அதற்கு அவர் கணித வடிவம் கொடுத்தார்.

தசைக்குள் நுண்ணிய இழைகள் ஒன்றையொன்று கொக்கி போட்டு இழுத்து, விட்டு, மறுபடி பிடித்து இழுக்கின்றன. சுருங்கும் வேகம் கூடக்கூட, ஒரே சமயத்தில் பிடித்திருக்கும் கொக்கிகள் குறைகின்றன, விசையும் குறைகிறது. பந்து வீசும் கை மின்னல் வேகத்தில் சுற்றுகிறது. அந்த வேகத்தில் கைத்தசை தரக்கூடிய விசை சொற்பம். கை தன் பலத்தால் மட்டும் அந்த வேகத்தை எட்டவே முடியாது. கீழேயிருந்து வேகம் வந்து சேர வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தசை இறுகி இருக்கும்போதே வெளியிலிருந்து வரும் பாரம் அதை இழுத்து நீட்டினால், பிடித்த கொக்கிகள் விடாமல் எதிர்க்கின்றன. சுருங்கும்போது தருவதைவிடக் கூடுதல் விசை அப்போது கிடைக்கிறது. மாடிப்படியில் இறங்கும்போது நம் முன்தொடை செய்யும் வேலை இந்த வகைதான். முன்கால் ஊன்றும்போது தொடைத் தசை செய்வதும் இதே வேலை. உடம்பு பெரிய விசையைத் தரக்கூடிய வழி, தடுத்து நிறுத்துவது.

எவ்வளவு விசை? முன்கால் ஊன்றும் தரையில் விசையை அளக்கும் தகடு பதித்து அளந்திருக்கிறார்கள். செங்குத்தாக மட்டும் உடல் எடையைப்போல் ஐந்து, ஆறு மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல். 80 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய அரை டன். அத்தனையும் ஒற்றைக் காலில், ஒவ்வொரு பந்துக்கும்.

இன்னொரு விஷயம் என்னை எப்போதும் வியக்க வைக்கும். ஒரு தசை தன் முழு விசையை எட்ட ஏறக்குறைய முந்நூறு மில்லிவிநாடி, சமயங்களில் அதற்கு மேலும் தேவை. இங்கே மொத்தமாகக் கிடைப்பதே நூறு மில்லிவிநாடி. கால் தரையைத் தொட்ட பிறகு இறுக ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும். அதனால் உடம்பு முந்திக்கொள்கிறது. கால் இன்னும் காற்றில் இருக்கும்போதே தொடையும் கெண்டைக்காலும் இறுகத் தொடங்குகின்றன. தரை எப்போது வரும், எவ்வளவு பலமாக அடிக்கும் என்று மூளை முன்கூட்டியே கணித்து ஆணை அனுப்பியிருக்கிறது. ஊன்றிய பிறகு யோசித்துத் திருத்த நேரமே கிடையாது. ஆகவே இது பலத்தோடு பழக்கமும் சேர்ந்த விஷயம். சரியாக ஊன்றிச் சரியாக ஊன்றித்தான் அந்தக் கணிப்பு உடம்பில் படியும்.

அளந்தவர்கள் கண்டது

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் வொர்திங்டன், மார்க் கிங், கிரெய்க் ரான்சன் மூவரும் 20 முன்னணி வேகப்பந்து வீச்சாளர்களை முப்பரிமாணக் கேமராக்களால் அளந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யார் வேகமாக வீசுகிறார், யார் மெதுவாக வீசுகிறார் என்ற வேறுபாட்டில் 74 சதவீதத்தை நான்கே விஷயங்கள் விளக்கிவிட்டன. ரன்-அப்பின் வேகம். ஊன்றிய முன் முழங்கால் நேராக நிற்பது. பந்தை விடும்வரை மேலுடம்பு முன்னோக்கி மடிவது. நான்காவது, கை சுழல்வதைத் தாமதிப்பது.

நான்காவதை மறுபடி படியுங்கள். வேகமாக வீசுபவர்களின் கை தாமதமாக வந்தது. மார்பு முன்னால் போகும்போது கை பின்தங்கினால் நெஞ்சுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தசைகள் இழுபட்டு விறைக்கின்றன. அந்த இழுவிசையும் சேர்ந்துகொண்டு கடைசியில் கையைச் சுண்டிவிடுகிறது. அவசரப்பட்டுக் கையை முதலில் சுற்றுகிற பையன், கீழேயிருந்து வேகம் வந்து சேரும் முன்பே வேலையை முடித்துவிடுகிறான்.

ஜஸ்பிரித் பும்ராவை நினைத்துப் பாருங்கள். நீண்ட ஓட்டம் இல்லை, தத்தித் தத்தி வருவார். ஆனால் முன்கால் ஊன்றும்போது முழங்கால் குச்சிபோல் நிற்கும். வந்த கொஞ்சத்தையும் சிந்தாமல் மேலே அனுப்புகிறார்.

ஈட்டி எறிதலில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 2025 மே மாதம் தோஹாவில் நீரஜ் சோப்ரா 800 கிராம் ஈட்டியை 90.23 மீட்டர் எறிந்தார். அவர் எறியும்போது இடதுகாலை மட்டும் பாருங்கள். நீட்டி முன்னால் குத்துவார், உடம்பு அதைத் தாண்டி வில்லாக வளைந்து பாயும், எறிந்த கையோடு பல தடவை தரையில் கைகளை ஊன்றி விழுவார். ஈட்டி எறிபவர்களின் ஷூவில் குதிகாலிலும் ஆணி இருப்பது இதற்காகத்தான். அந்தக் குதிகால் ஓர் அங்குலம் வழுக்கினாலும் தூரம் போய்விடும்.

அந்த விசை எங்கே போகிறது?

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

தரையிலிருந்து வரும் அந்த அரை டன் விசை, கால் வழியாக ஏறி இடுப்பைத் தாண்டி முதுகுக்கு வருகிறது. முதுகு அப்போது எப்படி இருக்கிறது? பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு இருக்கிறது. கீழ் முதுகின் முள்ளெலும்பு ஒவ்வொன்றிலும், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் மெல்லிய பாலம்போன்ற ஒரு பகுதி உண்டு. வளைவும் முறுக்கும் சேரும்போது அந்தப் பாலம் நசுங்குகிறது. ஒரு பந்தில் ஒன்றும் ஆகாது. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் தராமல் திரும்பத் திரும்ப நசுக்கினால் மயிரிழை விரிசல் விழும். பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், கீழ் முதுகின் கடைசி எலும்புகளில். இதைத்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிறார்கள். வளரும் வயதில் இந்த எலும்பு முழுதாக முற்றியிருக்காது. இருபது வயதைத் தாண்டியும் அது உறுதிப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் இதுதான் நடந்தது. முதுகெலும்பில் விரிசல், உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு. பெர்த்தில் கடுமையான உடற்பயிற்சித் திட்டத்தோடு மீண்டு, 1974-75 ஆஷஸில் திரும்பி வந்தார். அதே பெர்த்தில், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் எலியட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் பல ஆண்டுகள் இளம் பந்துவீச்சாளர்களை ஆராய்ந்தார்கள். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் திரும்பி முறுக்கும் கலப்பு ஆக்‌ஷன் முதுகுக் காயத்தோடு தொடர்புடையது என்று காட்டினார்கள்.

அந்த லில்லிதான் 1987இல் தொடங்கிய எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனுக்குத் தலைமைப் பயிற்சியாளராக நம் சென்னைக்கு வந்தார். வேகப்பந்து வீச ஆசைப்பட்டு அங்கே போன சச்சின் டெண்டுல்கரை பேட்டிங்கைப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். முதுகு உடைந்து மீண்ட ஒருவர், வேகப்பந்து எப்படி வீசுவது என்று நம் ஊரில் நின்று கற்றுக்கொடுத்தார் என்பது எனக்கு அதைவிடப் பெரிய கதை.

ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011 நவம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் தன் முதல் டெஸ்டை ஆடினார், ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். அடுத்த டெஸ்டை ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். முதுகு உட்பட அடுத்தடுத்து வந்த காயங்கள் அவருடைய ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தின்றுவிட்டன. பும்ராவுக்கு 2023இல் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. உலகின் மிகச் சிறந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பக்கத்தில் இருப்பவர்களுக்கே இந்த நிலை.

நம் பையனின் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பள்ளி அணிக்குப் பயிற்சி. மாலையில் அகாடமி நெட்ஸ். அங்கே பல இடங்களில் சிமென்ட் தரைமேல் மேட். சனி, ஞாயிறு மேட்ச். வீட்டுக்கு வந்ததும் தெருவில் டென்னிஸ் பால். பள்ளி சாருக்கு அகாடமியில் எவ்வளவு வீசினான் என்று தெரியாது. அகாடமி கோச்சுக்கு மேட்ச் கணக்கு தெரியாது. அம்மா அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. முதுகு மட்டும் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே வருகிறது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் வயதுக்கேற்ப எவ்வளவு வீசலாம் என்று வரம்பு வகுத்திருக்கின்றன. நம் ஊரில் ஸ்பெல் நன்றாகப் போனால் "இன்னும் ரெண்டு ஓவர் போட்றா தம்பி" என்பதுதான் வழக்கம்.

என்ன செய்யலாம்?

முன் முழங்கால் நேராக நின்றால் வேகம் கூடும் என்று மேலே சொன்னேன். அதைப் படித்துவிட்டு 13 வயதுப் பிள்ளையிடம் "முட்டியை மடக்காதே" என்று நாளையே கட்டளை போட்டுவிடாதீர்கள். நேராக நிற்கும் கால் அதிக விசையை வாங்குகிறது. அதைத் தாங்கும் தொடையும் இடுப்பும் வயிற்றுத் தசைகளும் முதலில் வர வேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது இந்த வரிசையில்: ஒற்றைக் காலில் குதித்து ஆடாமல் நிற்பது, அடுத்து நாலடி நடந்து முன்காலை ஊன்றி வீசுவது, அது படிந்த பிறகு மெதுவான ஓட்டம், கடைசியில் முழு ரன்-அப். ஒவ்வொரு கட்டத்திலும் இடுப்பு நிற்கிறதா என்று போனில் எடுத்து அவர்களிடமே காட்டுவேன். கையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. கால் சரியானால் கை தானாகத் தாமதித்து வரும்.

ஜிம்முக்கு அனுப்பட்டுமா என்று கேட்ட அப்பாக்களுக்கு: அனுப்புங்கள், ஆனால் தெரிந்த பயிற்சியாளரிடம், கால்களுக்காக. ஸ்குவாட், ஒற்றைக் கால் பயிற்சிகள், கெண்டைக்கால், பின்தொடை, முதுகையும் வயிற்றையும் நிலையாகப் பிடித்து வைக்கும் பயிற்சிகள். எடையை மெதுவாக இறக்குவதையும் எடையைத் தூக்குவதைப்போலவே கவனமாகச் செய்யச் சொல்லுங்கள். முன்கால் செய்யப்போகும் வேலை அதுதானே.

வலி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கீழ் முதுகில், அதுவும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம், பின்னால் வளையும்போது குத்துகிற வலி என்றால் அன்றைக்கே பந்துவீச்சை நிறுத்துங்கள். தைலம் தேய்த்துவிட்டு அடுத்த மேட்சுக்கு அனுப்பக் கூடாது. விளையாட்டு மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் விரிசல் தெரிவதற்கு முன்பே எம்ஆர்ஐயில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் ஓய்விலேயே பெரும்பாலும் குணமாகும். விட்டுவிட்டால் ஒரு சீசன் போகும், சிலருக்குப் பந்துவீச்சே போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கிப் பிள்ளையின் கிட் பேக்கில் போடுங்கள். ஒவ்வொரு நாளும் முழு வேகத்தில் எத்தனை பந்து வீசினான், எங்கே வீசினான், எந்தத் தரையில் வீசினான் என்று அவன் கையாலேயே எழுதட்டும். நெட்ஸும் மேட்சும் தெருவும் எல்லாம் அதில் வரட்டும். பள்ளி சாரும் அகாடமி கோச்சும் அதில் கையெழுத்துப் போடட்டும். ஒரு வாரத்தின் எண்ணிக்கை முந்தைய வாரங்களைவிடத் திடீரென்று எகிறினால், அன்றைக்கு அவனுக்கு ஓய்வு. கோச் கோபித்துக்கொண்டாலும் ஓய்வுதான். இதை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.